நான்கு சுடர்

போலந்தில், வூச் நகரில், நான்காம் மாடி.
டிராம் திரும்பும் வளைவுக்கு நேர் மேலே அந்த ஜன்னல்.
பழைய சட்டத்தை நெம்பி எடுத்தேன்.
இடுக்கிலிருந்து உதிர்ந்தவை:
கறுத்த பஞ்சு,
மடித்துத் திணித்த செய்தித்தாள்,
செத்த ஈக்கள் பதினொன்று,
யாரோ குழந்தையாக இருந்தபோது தொலைத்த
பச்சைக் கோலிக்குண்டு.

"குளிரை அடைக்க எதையும் விட்டுவைக்கவில்லை" என்றாள் போக்னா.
ஒற்றைக் கண்ணாடி இரவெல்லாம் வியர்த்திருக்கிறது.
அடியில் விரித்த துண்டைக் காலையில் பிழிந்தால் அரை வாளி.
திரைக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம்,
வரைபடத்தில் இல்லாத நாடு ஒன்று
வருடா வருடம் எல்லையை நகர்த்துவதுபோல.

ஆனால் அவள் என்னைக் கூப்பிட்டது குளிருக்காக இல்லை.
அவளே டிராம் ஓட்டுகிறவள்.
பகலெல்லாம் ஊரைக் கீச்சிட வைத்துவிட்டு
வந்து படுத்தால்
சக ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக
அவள் தலையணை வழியாகத் திரும்புகிறார்கள்.
"சத்தத்தை வைத்தே சொல்வேன்.
இது டோபியாஷ், பிரேக்கை மிதித்தே பிழைப்பவன்.
இது லுட்மிவா, வளைவில் பொறுமை கிடையாது."

இரண்டு கண்ணாடி. நடுவே பதினாறு மில்லிமீட்டர்.
அதற்குள் ஆர்கான்:
எதோடும் ஒட்டாத, எதற்கும் கோபப்படாத வாயு.
சும்மா இருப்பதே அதன் உத்தியோகம்.
அது எவ்வளவு பெரிய வேலை என்று
மூன்று பிள்ளைக்காரன் எனக்குத் தெரியும்.

பொருத்தி முடித்ததும் தீக்குச்சி கிழித்துக் காட்டுவேன்.
கண்ணாடிக்குள் நான்கு சுடர்,
ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.
மூன்று ஒரே நிறம்.
ஒன்று மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும்.
அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத பூச்சு,
வீட்டுச் சூட்டை வீட்டுக்கே திருப்பி அனுப்புவது.
போக்னா எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
குச்சி என் விரலைச் சுட்டது.

கைப்பிடியைத் திருப்பினேன்.
கீழே டிராம் வளைந்தது.
கத்துவது தெரிந்தது, குரல் வரவில்லை.
மீன்தொட்டிக்குள் போவதுபோலப் போயிற்று.
நான் கருவிகளை அடுக்கித் திரும்புவதற்குள்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவள்
செருப்போடு தூங்கிப்போயிருந்தாள்.
பணத்தை மறுநாள் வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஃபோன்.
"இக்னாட்சி, உன் ஜன்னலில் ஏதோ கோளாறு.
இருமுகிறது."

போய்ப் பார்த்தேன். ரப்பர் சரி. மட்டம் சரி.
கண்ணாடியில் காதை வைத்தேன், ஒன்றுமில்லை.
சுவரில் வைத்தேன்.
மேலே இருந்து வந்தது.
ஐந்தாம் மாடி, செவெரின்.
எத்தனை வருடமாக இருமுகிறாரோ,
அதன்மேல் டிராம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் மாடியேறிக் கதவைத் தட்டினாள்.
பின்னால் நானும்,
கையில் மட்டப்பலகையோடு, எதற்கென்று தெரியாமல்.
கோட்டும் தொப்பியுமாக வந்து திறந்தார்.
படுக்கையறை ஜன்னலில் விரல் நுழையும் இடைவெளி.
மூடிய ஜன்னலின் திரை
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஒன்றை மட்டும் மாற்றினோம்.
செலவில் பாதி அவளுடையது, அது அவருக்குத் தெரியாது.
சமையலறை ஜன்னலைத் தொட விடவில்லை.
"ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முதல் டிராம்.
அது கேட்டால்தான் எனக்கு விடியும்."
"இந்த மாதம் அதை ஓட்டுவது நான்தான்" என்றாள் போக்னா.
அவர் முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

பிப்ரவரியில் இருமல் குறைந்ததாகக் கேள்வி.
வெப்பத்துக்கான பில்லும் குறைந்தது.
எவ்வளவு என்று எழுதினால் விளம்பரம் என்பீர்கள்.

வேலைக்குப் போகும் வழியில் நான் பார்த்தது இது:
இருட்டில் முதல் டிராம் வளைவுக்கு வருகிறது.
மணி இரண்டு முறை அடிக்கிறது.
விதிப்படி ஒன்று போதும்.
ஐந்தாம் மாடிச் சமையலறையில் விளக்கு எரிகிறது.
நான்காம் மாடி,
ஓட்டுகிறவளின் வீடு,
எதுவும் காதில் விழாமல்
வெதுவெதுப்பாக இருட்டிக் கிடக்கிறது.